சிறைவாசலுக்கு வெளியே முதல் பதினைந்து நாள்

(செஞ்சியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



செஞ்சிக்குப் பேச வருகிற எவரும் கோட்டையைத் தொடாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. மராத்தியரின் மற்றக் கோட்டைகளோடு செஞ்சிக் கோட்டையையும் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு, அந்தப் பெருமை உங்கள் எல்லோர் முகத்திலும் தெரிகிறது. நானும் கோட்டையிலிருந்தே தொடங்குகிறேன். கோட்டைக்குள் குளங்களைத் தாண்டிப் போனால் ஒரு பெரும்பாறை நிற்கும். அதன் நடுவே இயற்கையாக அமைந்த பொந்து, மேலே வட்டமாகச் செங்கல் சுவர். அதைக் கைதிகள் கிணறு என்பார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிவிட்டு, பசியால் சாகட்டும் என்று விட்டுவிடுவார்களாம். செவிவழிச் செய்திதான். உள்ளே போட்டவனை அதற்குமேல் யாரும் அடிக்கவில்லை, வெட்டவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனார்கள், அவ்வளவுதான்.

இன்று சிறையில் யாரையும் பட்டினி போடுவதில்லை. மூன்று வேளைச் சோறு உண்டு, மருத்துவர் உண்டு, நூலகம் உண்டு. ஆனால் குடிக்கு அடிமையான ஒருவரைச் சில மாதம் உள்ளே வைத்திருந்து, ஒருநாள் மாலை கதவைத் திறந்து வெளியே விட்டு, அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்பதில்லையே, அந்தத் திரும்பிப் பார்க்காத குணம் மட்டும் நம்மிடம் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சிறையில் இருப்பவர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை செய்கிற சமூகப் பணியாளன் நான். நான் சொல்ல வந்தது இதுதான்: சிறைக்குள் குடிக்காமல் கழித்த நாள்களைச் சிகிச்சை என்று கணக்கில் எழுதாதீர்கள். குடிநோய்க்கான சிகிச்சை, ரிமாண்டு ஆன முதல் மூன்று நாளில் தொடங்கவேண்டும். விடுதலையான முதல் பதினைந்து நாளைத் தாண்டியும் அது கூடவே போகவேண்டும். இந்த இரண்டு இடத்திலும்தான் நாம் ஆளைக் கைவிடுகிறோம்.

நம் பக்கத்தில் சிறைக்குப் போகிறவர் யார்? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் இருக்கிறது செஞ்சி. பக்கத்திலேயே புதுச்சேரி. அங்கே பாட்டில் விலை குறைவு, இங்கே அதிகம். அது ஒன்றே போதும். பையில் ஐந்து பாட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவரில் தொடங்கி, காரில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறவர் வரை வழக்கு வந்துவிடுகிறது. மலையடிவாரத்தில் ஊறல் போட்டவர், பாக்கெட் சாராயம் விற்ற விதவைத் தாய், போதையில் சொந்தத் தம்பியையே அரிவாளால் வெட்டியவர், கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்ட பையன், வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற இன்னொரு பையன். பணம் போட்டு இந்தத் தொழிலை நடத்துகிற முதலாளி இந்த வரிசையில் அநேகமாக நிற்கமாட்டார்.

மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறொரு மேடைக்கான பேச்சு. ராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கினார். திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் பிறந்த நம் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1948இல், மாகாணம் முழுவதற்கும் அது வந்தது. 1971இல் தளர்த்தினார்கள், 1974இல் மறுபடி கொண்டுவந்தார்கள், பிறகு 1983இல் டாஸ்மாக் பிறந்தது, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. எந்தக் கொள்கை இருந்த காலத்திலும் குடிநோயாளி ஒருவர் சிறையில் இருந்துகொண்டேதான் இருந்தார். அவரைப் பற்றித்தான் என் பேச்சு.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயம். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர். கள்ளக்குறிச்சி 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த ஊர்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு சோதனைகள் கூடின, கைதுகள் கூடின, சட்டத்தையும் கடுமையாக்கினார்கள். செய்யவேண்டியதுதான். ஆனால் அந்த வாரங்களில் கைதாகி உள்ளே போனவர்களில் எத்தனை பேர் தாங்களும் தினமும் குடிப்பவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்திருந்தால், அது சிகிச்சைக்கான பட்டியலாகவும் ஆகியிருக்கும்.

இரண்டு கணக்கு சொல்கிறேன். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் செய்து 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுப்பழக்கத்தால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இன்னொரு கணக்கு சிறையுடையது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,000க்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 76 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள். இருபது நாளில் ஜாமீனில் போவார்கள், இரண்டு மாதத்தில் போவார்கள். நம் சிறைகளில் தொழிற்பயிற்சி, படிப்பு, ஆலோசனை என்று நல்ல திட்டங்கள் பல உண்டு. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கிற தண்டனைக் கைதிகளுக்குத்தான் வாய்க்கின்றன. வந்து வந்து போகிறவருக்கு ஒன்றும் எட்டுவதில்லை. குடியால் உள்ளே வருகிறவர்களோ பெரும்பாலும் இந்த வந்து போகிறவர்கள்தான்.

இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். சிகிச்சையே கிடைக்காத அந்த 37 பேரில் சிலருக்கு, குடியை முன்னிட்டு ஒரு மருத்துவர் முன்னால் போய் நிற்கிற வாய்ப்பு வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைப்பதே கைதாகிற அன்றுதான். அந்த வாய்ப்பை நாம் என்ன செய்கிறோம்?

கைது செய்தவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். காயம் இருக்கிறதா என்று பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார் மருத்துவர். பிறகு நடுவர் முன்னால் நிறுத்தி, 24 மணி நேரத்துக்குள் ரிமாண்டு. இந்தப் பக்கத்துக்காரர் விழுப்புரத்தை ஒட்டிய வேடம்பட்டுச் சிறைக்குப் போவார். தண்டனை ஆகிவிட்டால் கடலூர் மத்திய சிறை.

காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கை ஆட ஆரம்பிக்கும். சட்டை நனைகிற அளவு வேர்க்கும், குமட்டும், தண்ணீர் டம்ளரைப் பிடித்து வாயருகே கொண்டுபோக முடியாது. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் இன்னும் சிலருக்குச் சுவரெல்லாம் பூச்சி ஊர்வது போலத் தெரியும், போர்வையைத் தட்டித் தட்டி உதறுவார், செத்துப்போன அப்பாவோடு பேசுவார், இரவா பகலா என்று தெரியாது, உடம்பு கொதிக்கும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை, கவனிக்காமல் விட்டால் ஆளைக் கொன்றுவிடும். கூட இருக்கும் கைதிகள் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வார்டர், ஆஸ்பத்திரிக்குப் போக நடிக்கிறான் என்பார். பழைய வார்டர்களுக்குத் தெரியும். "சரக்கு இறங்குது சார்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தாளில் எழுதப்பட்டு மருத்துவரிடம் போகவேண்டும், அவ்வளவுதான் தேவை.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்கிற பி1 சத்து ஊசி, குளோர்டையசெபாக்சைடு அல்லது லோராசெபாம் போன்ற மாத்திரை, அதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவது, ராத்திரியில் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது. விலையுயர்ந்த மருந்துகள் அல்ல இவை. ரிமாண்டுக்கு முந்தைய பரிசோதனையிலேயே மூன்று கேள்வி கேட்டால் போதும்: கடைசியாக எப்போது குடித்தீர்கள், காலையில் கண் விழித்ததும் குடிப்பீர்களா, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா. பதிலை அந்தத் தாளிலேயே எழுதிச் சிறை மருத்துவருக்கு அனுப்பினால், வேடம்பட்டில் அன்று இரவே மாத்திரை தொடங்கிவிடலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மது, போதைப் பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே இது ஒருவர் இரக்கப்பட்டுச் செய்கிற உபகாரமாக இருக்கவேண்டியதில்லை. கைதி கேட்டு வாங்கக்கூடிய உரிமை.

அந்த மூன்று நாளைத் தாண்டிவிட்டால் உடம்பு தேறிவிடும். ஒரு மாதத்தில் முகம் தெளியும், பசி எடுக்கும், பிள்ளைகள் நினைப்பு வரும். மனு போட்டுப் பார்க்க வருகிற மனைவிக்கு அடையாளமே தெரியாது. அப்படி வந்த ஒரு தாய் என்னிடம் சொன்னார்: "உள்ள நல்லாத்தான் இருக்காரு சார். ராத்திரியில நான் நிம்மதியா தூங்கறேன். வெளிய வந்தாதான் எனக்கு பயமா இருக்குது." புருஷன் சிறையில் இருப்பதில் ஒரு பெண் நிம்மதி காண்கிறார் என்றால், வெளியே அவருக்கு யாருமே துணை இல்லை என்றுதான் அர்த்தம். சிறைக்குள் கிடைக்காததால் நின்ற குடி, கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே இருக்கிற காலத்தில் செய்யவேண்டியது, வெளியே போகிற நாளுக்கான தயாரிப்பு. திட்டுவதும் சத்தியம் வாங்குவதும் பயன் தருவதில்லை. எந்த வேளையில், யாரோடு, எந்த மனநிலையில் குடிக்கத் தோன்றும் என்று அவரே சொல்லும்படி கேட்கவேண்டும். சம்பளம் கைக்கு வந்த நேரமா, மாமனார் வீட்டில் அவமானப்பட்ட நேரமா, உடம்பு வலியா? பதில் ஒவ்வொருவருக்கும் வேறு. குழுவாக உட்கார்ந்து பேசுவது இன்னும் பலன் தரும். குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் தாங்கிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அமெரிக்காவில் 1935இல் தோன்றியது. ஏழே ஆண்டில், 1942இல், கலிஃபோர்னியாவின் சான் க்வென்டின் சிறைக்குள் அதன் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து குடியை விட்டவர்கள் போய்க் கைதிகளோடு உட்கார்ந்தார்கள். நம் மாநிலத்திலும் ஏ.ஏ. கூட்டங்கள் பல ஊரில் நடக்கின்றன.

இது நமக்குப் புரியாத விஷயமும் இல்லை. கார்த்திகை பிறந்து மாலை போட்டுக்கொண்டால், தினமும் குடித்தவர் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறார். எப்படி முடிகிறது? விடியற்காலையில் குளியல், ஒரே மாதிரி உடை, மாலையில் கூடிப் பஜனை, கூட விரதம் இருக்கிற பத்துப் பேர், அதோடு ஊரே அவரைச் "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். மாலையைக் கழற்றிய அன்று அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது, மரியாதையும் போய்விடுகிறது. பலர் அன்றிரவே குடிக்கிறார்கள். அந்த மனிதரிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 48 நாள் அதை அவர் காட்டியிருக்கிறார். 49ஆம் நாளுக்கு நாம் ஏற்பாடு செய்யவில்லை.

இப்போது சிறைவாசலுக்கு வருகிறேன். ஜாமீன் உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வந்து, சரிபார்த்து, கையெழுத்தாகி ஆளை வெளியே விட எப்போதும் பொழுது சாய்ந்துவிடும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே வந்த அன்று போட்டிருந்த சட்டை, கொஞ்சம் பணம். வேடம்பட்டிலிருந்து விழுப்புரம் பஸ் நிலையம், அங்கிருந்து செஞ்சி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். டாஸ்மாக் கடை இரவு பத்து மணி வரை. அழைத்துப் போக வருகிறவர் யார்? மனைவி பெரும்பாலும் வருவதில்லை. கூலியை விட்டுவிட்டு வர முடியாது, அல்லது மனம் வெறுத்துவிட்டது. வருவது பழைய கூட்டாளி. "வா மச்சான், எவ்வளவு நாளாச்சு" என்று தோளில் கை போடுவார். அவர் கெட்டவரில்லை, அன்று அந்த மனிதரைக் கூப்பிட வந்த ஒரே ஆள் அவர்தான்.

முதல் பதினைந்து நாள் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளிவந்த 30,237 பேரின் நிலையை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியானது. விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 12.7 மடங்கு. போதைப் பொருள் அளவு மீறி இறக்கும் வாய்ப்பு 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. மனதில் இருக்கும் அளவு பழைய அளவு. அதே அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடுகிறது. அது ஹெராயின் புழங்கும் ஊர். நம் ஊரில் குடிதான் பெரும்பங்கு. ஆனால் மாத்திரையை ஊசியில் ஏற்றும் பையன்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் உடம்புக்கும் அதே கணக்குதான். ரோட் ஐலண்ட் என்கிற சிறிய மாநிலம் 2016இல் எல்லாச் சிறைகளிலும் போதை அடிமைகளுக்கு மருந்து கொடுத்து, விடுதலையான பிறகு வெளியே மருத்துவமனையிலும் அதே மருந்து தொடரும்படி ஏற்பாடு செய்தது. சிறையிலிருந்து வந்தவர்களிடையே போதைப் பொருள் அளவு மீறியதால் நேர்ந்த சாவுகள் அடுத்த ஆண்டே 61 விழுக்காடு குறைந்தன. மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்ளே கொடுத்த மருந்துச் சீட்டு வெளியே ஒரு மருத்துவர் கையில் போய்ச் சேர்ந்தது, அதனால் பிழைத்தார்கள்.

நமக்கும் அந்த ஏற்பாடு எட்டாத தூரத்தில் இல்லை. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை 2025இல் தமிழ்நாடு அரசு திறந்தது. வெளியே வருகிறவர் கையில் ஒரு சீட்டு, பத்து நாளுக்கு மாத்திரை, எந்தக் கிழமை எந்த மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்ற தேதி, கூடவே வாசலிலிருந்து வீடு வரை வருகிற ஒருவர். அந்த ஒருவர்தான் சமூகப் பணியாளர். அவர் இல்லாவிட்டால் சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்து நைந்துபோகும்.

வீட்டுக்கு வந்த பிறகு தொல்லை வேறு வடிவில் வருகிறது. நிபந்தனை ஜாமீன் என்றால் தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் தூக்குகிறவர் காலையிலேயே வேலைக்கு நின்றாகவேண்டும். பத்தரைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பவரை எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்? கரும்பு வெட்டவோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போகவே முடியாது. வேலை இல்லை, கூலி இல்லை, பகல் முழுக்கச் சும்மா. அதோடு கையெழுத்துக்கு வரிசையில் நிற்கிற மற்ற ஆள்களும் அதே மாதிரி வழக்குக்காரர்கள். குடியைத் திரும்பத் தொடங்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. வழக்குரைஞர் நண்பர்கள் இந்த நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கும்போது, வாரம் ஒருநாள் கையெழுத்து, வாரம் ஒருநாள் சிகிச்சைக்குப் போன சான்று என்று கேட்டுப் பாருங்கள். நடுவர்கள் ஏற்கக்கூடிய கோரிக்கை இது.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர் கிடைக்கமாட்டார்கள். 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்திலும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். அதே ஆண்டு வந்த மத்திய அரசின் ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், அது வந்தபோது, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்டமுடிந்தது. தண்டனைக் கைதிக்கு அபராதத் தொகை 25,000 வரை. செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

போதைப் பொருள் சட்டத்திலும் ஒரு கதவு இருக்கிறது, நாம் தட்டுவதில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு: உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ தண்டிக்கப்படும் போதை அடிமையை, அவர் சம்மதித்தால், உடனே சிறைக்கு அனுப்பாமல் பிணைமுறியில் விடுவித்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மருத்துவமனையிலோ சிகிச்சைக்கு அனுப்பலாம். ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு அவர் நீதிமன்றத்துக்கு வரவேண்டும். கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை சிறிய அளவுதான். 64ஏ பிரிவு, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்கு வழக்கிலிருந்தே பாதுகாப்புத் தருகிறது. நான் பார்த்தவரை இந்தப் பிரிவுகளைக் கேட்டு வாங்கும் வழக்கறிஞர்கள் குறைவு. "ஒத்துக்கிட்டா அபராதத்தோட முடிச்சிடுவாங்க" என்று சொல்லி, சிகிச்சைக்கு இருந்த ஒரே வாய்ப்பை மூடிவிடுகிறோம்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சுவரெல்லாம் விளம்பரம் பார்த்திருப்பீர்கள், அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார் என்று. கலக்காதீர்கள். அப்படிக் கலந்து கொடுப்பதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அதன்மேல் அவர் குடித்துவிட்டால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அது நல்ல மருந்துதான். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கும்போது. அதேபோல, அடித்துத் திருத்துவோம் என்று சொல்லி ஆளை வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோகும் இல்லங்களை நம்பாதீர்கள். நமக்குப் பக்கத்திலே குண்டலப்புலியூரில், உரிய அனுமதி இல்லாமல் நடந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார்களே, செய்தியில் பார்த்தீர்கள். போதை மீட்பு மையம் எதுவானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டாவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பெண் கைதிகளைப் பற்றித் தனியாக ஒரு பேச்சே தேவை. சாராயம் விற்று உள்ளே போகும் பெண்களில் பலர் குடிப்பவர்கள் அல்லர். குடிகாரக் கணவன் செத்துப்போன பிறகு பிள்ளைகளைக் காப்பாற்ற அந்தத் தொழிலில் இறங்கியவர்கள். மனந்திருந்திய சாராய வியாபாரிகளுக்கு அரசு மறுவாழ்வு நிதி தருகிறது, கறவை மாடு வாங்கவோ சிறு கடை வைக்கவோ. அது சிறையிலிருந்து வந்த முதல் மாதமே கைக்கு வந்தால்தான் பயன். ஆறு மாதம் கழித்து வந்தால் அதற்குள் அவர் பழைய வியாபாரிக்குக் கடன்பட்டிருப்பார்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் "பிரயாஸ்" 1990 முதல் இதே வேலையைச் செய்கிறது. பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் சிறையிலும் உட்கார்ந்து, விசாரணைக் கைதிகளையும் அவர்கள் குடும்பத்தையும் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். புழல் சிறைக்கு முதல்முறை வரும் 18 முதல் 24 வயது இளைஞர்களுக்காகச் சென்னையில் "பறவை" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இன்னும் நெருக்கமான உதாரணம் மஞ்சக்குடி. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில், டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் சொல்லும் அந்தச் சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். சமூகப் பணி படித்தவர் அவர். பிறகு, சென்னைக்கு வரமுடியாத கூலிக்காரர்களுக்காகக் காவிரிப் படுகையில் மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் போட்டார்கள். ஊரார் இடம் கொடுத்தார்கள், சமைத்துப் போட்டார்கள், குடும்பமும் கூடவே உட்கார்ந்து கேட்டது. முகாம் முடிந்த பிறகும் மாதாமாதம் வந்து பார்த்தார்கள். ஆள் எந்த ஊரில் குடித்தாரோ அந்த ஊரிலேயே சிகிச்சை. அதைத்தான் செஞ்சிக்கு நான் கேட்கிறேன்.

வழக்குக்காரர் பக்கம் நிற்பது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பொய் வழக்கில் சிக்கிய இருளர்களுக்காக ஸ்டேஷனிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் போய் நின்றிருக்கிறது. பணமோ அதிகாரமோ இல்லாமல் அதைச் செய்தார்கள்.

விற்பனைக்கூடத்து வியாபாரிகள் சிலர் வந்திருக்கிறீர்கள். அறுவடைக் காலத்தில் ஆள் போதவில்லை என்கிறீர்கள். சிறையிலிருந்து வந்த ஒருவரை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு வரட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். கூலியில் பாதியை அவர் மனைவி கையில் கொடுங்கள், அவர் சம்மதத்தோடு. மகளிர் குழுத் தலைவிகள், உங்கள் தெருவில் யார் எப்போது வெளியே வருகிறார் என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும்; அன்று மாலை அந்த வீட்டுப் பெண்ணைத் தனியே விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது குடி நிற்கவில்லை என்றால் 14446 என்ற கட்டணமில்லா எண்ணுக்கோ, மனநல உதவிக்கு 14416க்கோ இன்றே பேசுங்கள்.

கடைசியாக எனக்கு ஓர் உதவி. சிறையிலிருந்து வந்தவர்களும் குடியை விட்டவர்களும் வாரத்துக்கு ஒருமுறை மாலை ஆறு மணிக்குக் கூடிப் பேச, செஞ்சி பஸ் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஓர் அறை வேண்டும். பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு குடம் தண்ணீர் போதும். பள்ளியானாலும் சரி, கல்யாண மண்டபத்தின் பின்கட்டானாலும் சரி. கொடுக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல், முன்வரிசைக்கு வந்து பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போங்கள்.